நஸபும் குடும்பப் பெயரும்

கணவனும் மனைவியும் பிரிந்த பின், பிள்ளை யாருடைய பெயரைத் தாங்க வேண்டும்? 2021 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கின் சாரம் இதுவே. பிரிந்து வாழும் மனைவி மகளின் பெயரை மாற்றிவிட்டதாகவும், அதனால் காப்பீட்டுத் தொகை பெறுவதில் சிக்கல் நேரும் என்றும் முறையிட்ட தந்தை, ஆவணங்களில் தம் குடும்பப் பெயரே இடம்பெற வேண்டும் என்று கோரினார். மகள் தந்தையின் உடைமை அல்லள் எனக் கூறி நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அதே வேளையில், பள்ளிப் பதிவேட்டில் தந்தை என்னும் இடத்தில் தம் பெயரைக் குறிக்கச் செய்ய அவர் பள்ளியை அணுகலாம் என்றும் அனுமதித்தது.

இத்தகைய தீர்ப்புகளைக் கேட்டதும், அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனத்தைக் காட்டி, தாய்வழிப் பெயர் மார்க்கத்திற்கு முரண் என முடிவு கட்டுவோர் நம்மிடையே உண்டு. ஆனால் அவ்வசனம் பேசுவது வளர்ப்புப் பிள்ளைகளைப் பற்றி. ஸைத் இப்னு முஹம்மத் என வழங்கப்பட்ட ஸைத் (ரலி), அதன் பின்னர் ஸைத் இப்னு ஹாரிஸா என்றே அழைக்கப்பட்டார்கள். ஒருவரின் பிறப்பை வேறோர் ஆணின் பெயரால் மறைப்பதே அங்கு தடுக்கப்பட்டது. தந்தை இன்னார் எனத் தெளிவாக அறியப்பட்டிருக்கையில், ஈன்ற தாயின் பெயர் எதை மறைக்கிறது?

நம் வரலாற்று நூல்களே இதற்குச் சான்று. அலீ (ரலி) அவர்களின் மகனார் முஹம்மத், தாயார் கவ்லாவின் பனூ ஹனீஃபா குலத்தையொட்டி இப்னுல் ஹனஃபிய்யா என அறியப்பட்டார். நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு புஹைனா (ரலி) தாயாரின் பெயராலேயே ஹதீஸ் நூல்களில் இடம்பெறுகிறார்கள். தாயாரின் பெயரோடு சேர்த்து அழைக்கப்பட்ட கவிஞர்களைப் பற்றி முஹம்மத் இப்னு ஹபீப் (இறப்பு ஹிஜ்ரி 245) தனி நூலே தொகுத்தார். இவர்களில் எவருடைய நஸபும் இதனால் ஐயத்திற்கு உள்ளாகவில்லை.

தந்தை பெயரின் முதலெழுத்தை இட்டுப் பழகிய நமக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை. வாரிசுரிமையும், மஹ்ரம் உறவும், தந்தை மீதுள்ள பராமரிப்புக் கடமையும் நஸபைச் சார்ந்தவை. இனிஷியலைச் சார்ந்தவை அல்ல. எழுத்தை மாற்றிய தாய் தந்தையின் உறவை நீக்கிவிட முடியாது. எழுத்து போய்விட்டது என்று தந்தை செலவுத் தொகையை நிறுத்தவும் முடியாது.

2022 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதைவிடச் சிக்கலானது. கணவரை இழந்து மறுமணம் செய்த தாய், பிள்ளைக்கு இரண்டாம் கணவரின் குடும்பப் பெயரைச் சூட்டியிருந்தார். இயற்கைக் காப்பாளரான தாய்க்கு அவ்வுரிமை உண்டு என்றும், வீட்டாரிடமிருந்து வேறுபட்ட பெயர் பிள்ளையின் மனத்தை வாட்டும் என்றும் நீதிமன்றம் கருதியது. அந்த அக்கறை மதிக்கத்தக்கது. எனினும், இறந்த தந்தையின் பெயரை அறிந்து தாங்கும் உரிமை பிள்ளைக்கு உண்டா என்ற வினாவுக்கு அத்தீர்ப்பில் போதிய இடமில்லை. அங்கு இரண்டாம் கணவர் இந்துச் சட்டப்படி பிள்ளையைத் தத்தெடுத்திருந்தார். நம் ஷரீஅத்தில் தத்தெடுப்பு நஸபை மாற்றுவதில்லை. ஆகவே மறுமணத்திற்குப் பின் வளர்ப்புத் தந்தையைத் தந்தையாக எழுத முற்படும் பெற்றோர் அதை முன்மாதிரியாகக் கொள்ள இயலாது. மேற்கண்ட வசனம் உண்மையில் பொருந்துமிடம் இதுவே.

இவ்விவாதங்கள் அனைத்திலும் பெற்றோரின் உரிமையே பேசப்படுகிறது; பெயரைச் சுமக்கும் பிள்ளையின் விருப்பம் பின்தள்ளப்படுகிறது. ஹதீஸ் அறிஞர் இஸ்மாயீல் இப்னு இப்ராஹீம் (இறப்பு ஹிஜ்ரி 193) தாயாரின் பெயரால் இப்னு உலைய்யா எனப் புகழ்பெற்றார். ஆனால் அவ்வாறு அழைக்கப்படுவதை அவர் விரும்பவில்லை. எனவே இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள், 'இப்னு உலைய்யா என்று சொல்லப்படும் இஸ்மாயீல்' என்றே குறிப்பிட்டார்கள். உலகம் அறிந்த பெயரைச் சொல்ல நேர்ந்தபோதும் உரியவரின் மனத்தை மதித்த பண்பு அது.

பிரிந்த பெற்றோர் இப்பண்பைக் கைக்கொள்ளலாம். பதிவேட்டில் தந்தையின் பெயர் முழுமையாக இருக்கட்டும். வழங்கும் பெயரைப் பிள்ளையின் அன்றாட நலன் முடிவு செய்யட்டும். விவரம் அறியும் வயது வந்ததும் பிள்ளையிடமே கேட்கப்படட்டும்.