கடினத்தின் எண்

நம் விமர்சனத்தில் மிகவும் சோம்பேறித்தனமாகப் புழங்கும் சொல் 'கடினம்'. 1959-ல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்த காலத்திலிருந்தே இரண்டு முகாம்களும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தி வருகின்றன. ஒரு முகாம் அதைக் குற்றச்சாட்டாக வீசுகிறது. மற்றொன்று அதையே பதக்கமாகக் குத்திக்கொள்கிறது. 'புரியவில்லை' என்பவரும் 'எல்லோருக்கும் புரிந்துவிடாது' என்பவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: கடினம் என்பது ஒரே சரக்கு, தராசில் வைத்தால் கூடவோ குறையவோ காட்டும். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. சந்தேகத்தை ஒரு கவிதைத் தொகுதியை முன்வைத்துச் சொல்வதைவிட ஒரு விளையாட்டு யந்திரத்தை முன்வைத்துச் சொல்வது சௌகரியம். கவிதை என்றதும் நாம் கட்சி பிரிந்துவிடுகிறோம். யந்திரத்தைப் பற்றி நமக்கு இன்னும் கட்சிகள் இல்லை.

நான் அம்பத்தூர்வாசி. ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் எங்கள் பக்கத்து ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை போகும் பேரங்காடி ஒன்றின் விளையாட்டுக் கூடத்தில் நடன யந்திரம் ஒன்று இருக்கிறது. மேடையில் ஐந்து கட்டங்கள்: மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று. பாட்டு ஓட, திரையில் அம்புகள் கீழிருந்து மேலே ஏறுகின்றன. உச்சியில் அசையாமல் நிற்கும் குறியோடு அம்பு பொருந்தும் கணத்தில் அந்தக் கட்டத்தை மிதிக்க வேண்டும். இது 'பம்ப் இட் அப்'. தென்கொரியாவின் ஆண்டமிரோ நிறுவனம் 1999-ல் கொண்டுவந்தது. இதற்கு முன்னோடி 1998-ல் ஜப்பானின் கொனாமி வெளியிட்ட 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்'. அதில் கட்டங்கள் நான்கு. இரண்டிலும் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பக்கத்தில் ஒரு எண் நிற்கும். இது எவ்வளவு கடினம் என்பதற்கான எண்.

கொனாமியின் எண்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஆரம்பப் பதிப்புகளில் கடினத்தைப் பாதச் சின்னங்களால் காட்டினார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயரும் இருந்தது. ஒரு பாதம் என்றால் 'எளியது'. ஒன்பது பாதம் என்றால் 'பேரழிவு'. பேரழிவுக்கு மேலே ஒரு படி வேண்டியிருக்கும் என்று யார் நினைப்பார்கள்? 2001-ல் வந்த ஆறாவது பதிப்பில், நன்றாக ஆடியவர்களுக்கு மட்டும் திறக்கும் கூடுதல் சுற்றில், 'மேக்ஸ் 300' என்ற பாட்டை வைத்தார்கள். நிமிஷத்துக்கு 300 தட்டு. ஒன்பதுக்குள் அது அடங்கவில்லை. 2002-ல் அடுத்த பதிப்பு வந்தபோது அதற்குப் பத்து கொடுத்தார்கள். வெறும் பத்து இல்லை, மினுக்கி மினுக்கி எரியும் பத்து. பிறகு அந்தப் பத்துக்குள்ளேயே ஏற்றத்தாழ்வுகள் பெருகின. 2008-ல் முழு அளவுகோலையும் கலைத்து இருபது படிகளாக ஆக்கினார்கள். 'மேக்ஸ் 300' பதினைந்தாவது படிக்குப் போய்ச் சேர்ந்தது. இவ்வளவும் நடந்த காலத்தில் அந்த ஆட்டத்தில் ஒரு அம்புகூட மாறவில்லை.

ஆக, அளவுகோலின் உச்சி என்பது அந்தந்தக் காலத்தின் மிகச் சிறந்த கால்கள் எட்டிய இடம். கால்கள் வளர்ந்தால் கோலும் நீள்கிறது. இது யந்திரத்துக்கு மட்டும் நேர்வதல்ல. ஒரு தலைமுறையைத் திணறவைத்த கவிதையை அடுத்த தலைமுறையின் கல்லூரி மாணவன் சாதாரணமாகப் படித்துப் போகிறான். கவிதை இளைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. 'இது கடினம்' என்று எழுதும் விமர்சகன் கவிதையைப் பற்றி ஒரு பங்கும், தன் காலத்து வாசகனைப் பற்றி இரண்டு பங்கும் சொல்கிறான். ஆனால் தீர்ப்பு மட்டும் கவிதையின் தலையில் விழுகிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது அதே 2001 பதிப்பில் நடந்த இன்னொரு காரியம். பாதச் சின்னங்களை எடுத்துவிட்டு ஐந்து முனை கொண்ட ஒரு வரைபடத்தை வைத்தார்கள். அம்புகள் ஒட்டுமொத்தத்தில் எவ்வளவு நெருக்கம் என்பது ஒரு முனை. உச்சக் கட்டத்தில் நெருக்கம் எவ்வளவு என்பது இரண்டாவது. மற்ற மூன்றும், இரண்டு காலாலும் குதிக்க வேண்டிய இடங்கள், மிதித்த காலை எடுக்காமல் அழுத்தி நிற்க வேண்டிய இடங்கள், தாளத்தின் நேர்த்தட்டை விட்டு விலகி விழும் அடிகள். இது விமர்சனம். 'எவ்வளவு' என்ற கேள்வியை விட்டு 'எங்கே, எந்த விதத்தில்' என்று கேட்கும் விமர்சனம்.

அடுத்த பதிப்பிலேயே பாதங்கள் திரும்பி வந்துவிட்டன. வரைபடமும் இருந்தது, எண்ணும் இருந்தது. இதை ரசனையின் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். காசைக் கொடுத்துவிட்டு, பின்னால் வரிசை நிற்க, சில வினாடிகளில் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியவனுக்கு எண் தேவை. எண் தேர்வுக்கு உதவும். ஆடி முடித்து இறங்கியவனுக்கு, தான் எங்கே தடுக்கினோம் என்று அறிய, வரைபடம் தேவை. நம்மிடம் உள்ள கோளாறு, தேர்வுக்கான கருவியை விமர்சனத்தின் கருவி என்று எடுத்துக்கொண்டதுதான்.

அந்த ஐந்து முனைகளும் தொடாத ஒரு கடினமும் இருக்கிறது. அந்தக் கூடத்தில் நான் பார்த்தது இது. ஒரு பெண் குறைந்த எண் உள்ள, மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தாள். இரண்டு முறை தோற்றாள். "ஒண்ணுமேல ஒண்ணு ஏறி வருதுடி, எது எதுன்னே தெரியல" என்றாள் கூட வந்தவளிடம். வரிசையில் நின்ற பையன் சொன்னான்: "ஸ்பீட கூட்டிக்குங்கக்கா, தள்ளித் தள்ளி வரும்." கூட்டினாள். பாட்டின் வேகம் மாறவில்லை; அம்புகள் திரையில் ஏறும் வேகம் மட்டும் மாறியது. அம்புகளுக்கு நடுவே இடம் விழுந்தது. மூன்றாவது முறை முழுவதும் ஆடி முடித்தாள்.

மெதுவான பாட்டில் அம்புகள் மெதுவாக ஏறுவதால் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. கண்ணுக்குப் பிரிக்கத் தெரிவதில்லை. அவள் காலுக்கு அந்த ஆட்டம் ஆரம்பத்திலிருந்தே எளிது, கண்ணுக்குத்தான் கடினம். படிக்கும் கடினம் வேறு, ஆடும் கடினம் வேறு. எண் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. பரதம் பயின்றவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே அடவை மூன்று காலத்தில் பழகும்போது மூன்றாம் காலத்தின் வேகம்தான் பார்ப்பவரை மலைக்கவைக்கும். ஆனால் அரைமண்டி குலையாமல், தட்டுக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள நீண்ட வெற்றிடத்தைத் தாங்கி முதற்காலத்தில் நிற்பது எப்படிப்பட்டது என்று ஆடுகிறவருக்குத் தெரியும்.

கவிதையிலும் இந்தப் பிரிவினை ஸ்தூலமாகவே உண்டு. படிமங்கள் நெருக்கிக்கொண்டு நிற்பதால் தடுக்கும் கவிதைக்கு மருந்து இடைவெளி. நிறுத்திப் படித்தால், வாய்விட்டுப் படித்தால், அம்புகள் பிரிந்துவிடும். இன்னொரு வகைக் கவிதையில் ஒவ்வொரு வார்த்தையும் தெருவில் கேட்கும் வார்த்தை. வாக்கியத்தில் சிக்கலே இல்லை. ஆனால் அது கேட்கும் அனுபவத்துக்கு நம் கால் இன்னும் பழகியிருக்காது. முதலாவதைப் புரியவில்லை என்று ஒதுக்குகிறோம். இரண்டாவதைப் புரிந்துவிட்டது என்று தாண்டிப் போகிறோம். இரண்டாவது தவறு பெரியது. அதை யாரும் கண்டுபிடிப்பதில்லை.

எங்கள் பகுதியில் தரவரிசை என்பது விளையாட்டுச் சமாச்சாரம் அல்ல. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை போன்ற பாதுகாப்புத் துறை ஆலைகளில் தொழிலாளியை அரைத்திறன், திறன், உயர்திறன் என்று பிரித்திருக்கிறார்கள். அந்த ஆலை 2021-ல் அரசுக் கம்பெனி ஒன்றின் கீழ் போன பிறகும், தரம் என்றால் சம்பளம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அங்கே எண் மனிதன்மேல் விழுகிறது. நடன யந்திரத்தின் நாகரிகம் என்னவென்றால் அதன் எண் ஆட்டத்தின்மேல் விழுகிறது. ஆடுபவன் யாரென்று அது முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. அந்த நாகரிகத்தைக் கெடுப்பவர்கள் நாம்தான். 'நான் பதினைந்து ஆடுகிறவன்' என்று ஒரு பையன் சொல்லிக்கொள்ளும் கணத்தில் ஆட்டத்தின் எண் அவன் சட்டையில் வில்லையாக ஏறிவிடுகிறது. சிறுபத்திரிகை வாசகர்களாகிய நாமும் இப்படி வில்லை அணிந்தவர்களே. கடினமானதைப் படிக்கிறோம் என்ற பெருமிதம், படித்தது நமக்குள் என்ன செய்தது என்ற கேள்வியை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

அந்தக் கொரிய யந்திரத்தில் சில ஆட்டங்களுக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறிகள் நிற்கும். செய்தவர்களே தராசைக் கீழே வைத்துவிட்ட இடம் அது. நம் விமர்சகர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தைரியம் உண்டு?

நான் கேட்பது அதிகமில்லை. ஒரு தொகுதியைக் கடினம் என்று எழுதுகிறவர் அந்தச் சொல்லோடு நிறுத்தக் கூடாது. தடுக்கியது படிமங்களின் நெருக்கமா, வாக்கியம் அறுந்த இடமா, நமக்குத் தெரியாத ஊரின் பெயரா, இன்னும் நாம் வாழ்ந்திராத அனுபவமா என்று சொல்ல வேண்டும். கண் தடுக்கியதா, கால் தடுக்கியதா என்றாவது சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் வாசகன் தானே மேடையேறிப் பார்த்துக்கொள்வான்.