வானிலிருந்து இறங்கிய விளையாட்டு: சாட்டெல்லாவியூ முதல் செட்டாப் பாக்ஸ் வரை

தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டு, கடையில் விலை கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளும் பொருளாகவே பெரிதும் அறியப்பட்டிருந்த காலத்தில், ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1995 ஏப்ரல் 23 அன்று சாட்டெல்லாவியூ என்ற துணைக்கருவியை வெளியிட்டு, விளையாட்டுகளைச் செயற்கைக்கோள் வழியாக வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. அமெரிக்காவில் சேகா நிறுவனம் 1994 டிசம்பரிலேயே கேபிள் கம்பி வழியே இத்தகைய சேவையை நடத்தத் தலைப்பட்டிருந்தது. வானத்தைக் கடைவீதியாக்கியது நின்டெண்டோ. அந்தக் கருவி ஜப்பானைத் தாண்டி எங்கும் விற்பனைக்கு வரவில்லை. எனினும் வானிலிருந்து வரும் பொருள் யாருக்குச் சொந்தம், ஒளிபரப்பு நின்றபின் அதில் எஞ்சுவது எது என்று அது எழுப்பிய கேள்விகள், வேறு கருவிகளின் வடிவில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன.

சாட்டெல்லாவியூ, சூப்பர் ஃபேமிகாம் என்ற விளையாட்டுக் கருவியின் அடியில் பீடம்போலப் பொருந்துவது. செயின்ட் கிகா என்ற செயற்கைக்கோள் வானொலி நிலையம் தன் ஒலிபரப்போடு விளையாட்டுக்குரிய தரவுகளையும் சேர்த்து அனுப்ப, வீட்டிலிருந்த கிண்ண ஆன்டெனாவும் டியூனரும் அவற்றை வாங்கிக் கருவிக்குக் கொடுத்தன. வந்த விளையாட்டு 8 மெகாபிட், அதாவது 1 மெகாபைட் கொள்ளளவுள்ள நினைவகப் பேழையில் பதிவாகும். இடம் போதாதபோது பழையதை அழித்துத்தான் புதியதை எழுத முடியும். திரையில் முதலில் தோன்றுவது பட்டியல் அன்று, ஒரு சிற்றூர். அதன் தெருக்களில் நடந்து, ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் விளையாட்டு, இன்னொன்றுக்குள் நுழைந்தால் இதழ் என்று தேடிக்கொள்ள வேண்டும். சில விளையாட்டுகள் குறிப்பிட்ட சில முறை திறக்கப்பட்டபின் மீண்டும் திறக்க மறுத்துவிடும்.

இவற்றுள் தனித்துக் குறிப்பிட வேண்டியது சவுண்ட்லிங்க் என்ற வகையாகும். சிறிய நினைவகத்தில் அடங்காத மனிதக் குரலும் இசையும் ஆட்டம் நடக்கும் அதே நேரத்தில் வானொலியாக வந்துகொண்டிருக்க, திரையில் நிகழ்பவை அக்குரலின் கதைக்கு ஏற்ப மாறின. 1995 ஆகஸ்டில் செல்டா வரிசையைச் சேர்ந்த ஒரு விளையாட்டு நான்கு பகுதிகளாக, வாரத்துக்கு ஒன்றென இவ்வாறு ஒளிபரப்பாயிற்று. ஆடுபவர் அறிவித்த மணிக்குக் கருவியின்முன் அமர்ந்தாக வேண்டும், நேரம் முடிந்தால் ஆட்டமும் முடிந்துவிடும். சபாவில் நேரம் குறித்து நடக்கும் கச்சேரியைப் போல, விளையாட்டு இங்கே பண்டம் என்ற நிலை நீங்கி நிகழ்ச்சியாயிற்று.

அதே ஆண்டுகளில் சென்னையில் நிலவிய வழக்கம் இதற்கு நேர்மாறானது. ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் வாங்கிய 8-பிட் கருவிகளில் ஆடப்பட்ட விளையாட்டுகள், மக்கள் வழக்கில் 'கேசட்' எனப்பட்ட பிளாஸ்டிக் பேழைகளில் இருந்தன. படம் வராவிட்டால் கேசட்டின் வாய்ப்பகுதியை ஊதி மறுபடி செருகுவதும், ஆடி அலுத்ததை நண்பனிடம் கொடுத்து வேறொன்றை மாற்றிக்கொள்வதும் இயல்பாக இருந்தன. கேசட் கைமாறக்கூடியது, விற்ற கடை மூடப்பட்டாலும் அது ஓடும்.

வாங்கியவரின் கையில் முழுதாக அடங்காத கருவி சென்னை வீடுகளுக்குள் பெருமளவில் நுழைந்தது, 2003 செப்டம்பர் 1 அன்று கட்டணச் சேனல்களுக்கான 'கேஸ்' என்ற நிபந்தனை அணுகல் முறை நடைமுறைக்கு வந்தபோதுதான். பணம் கட்டியவரின் பெட்டி மட்டுமே மறையாக்கப்பட்ட ஒளிபரப்பைத் திறக்கும் என்ற இம்முறை, மற்றப் பெருநகரங்களில் தள்ளிப்போடப்பட, அன்று சென்னையில் மட்டுமே செயற்பட்டது. செட்டாப் பாக்ஸ் என்ற சொல்லும் இந்நகரின் அன்றாடப் பேச்சில் இடம்பிடித்தது.

சாட்டெல்லாவியூவுக்கு மிக நெருங்கிய உறவினர் எனத்தக்கது வேர்ல்டுஸ்பேஸ் என்ற செயற்கைக்கோள் வானொலி. 2000 மார்ச்சில் ஏவப்பட்ட ஆசியாஸ்டார் செயற்கைக்கோள் 105 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நின்றதால், சென்னையில் அதன் சிறு தட்டை ஆன்டெனாவைக் கிழக்கும் தென்கிழக்குமான வானத்தை, அதாவது கடற்பக்கத்தைப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. அத்திசையில் அடுத்த கட்டடம் மறைக்கும் அடுக்குமாடி வீட்டில் ஒலி கிட்டாது. பாடல்களுக்கு அப்பால், கணினிக்குரிய தரவுகளையும் அதே அலையில் இறக்க இச்சேவையில் இடமிருந்தது. தமிழுக்குக் கே.எல். ரேடியோவும், கர்நாடக இசைக்கு இரவுபகலாக ஒலித்த ஷ்ருதியும் இருந்தன. சந்தாதாரர்களில் பெரும்பகுதியினர் இந்தியாவில் இருந்தும், தாய் நிறுவனம் 2008இல் நொடித்துப்போனதால், 2009 டிசம்பர் 31 அன்று இந்தியச் சேவை நின்றது. மார்கழிக் கச்சேரிகள் நடந்துகொண்டிருந்த பருவத்தில் ஷ்ருதி ஓய, மறைவிலக்கத்துக்கு வேறு ஒலிபரப்பு இல்லாத பெட்டிகள் மௌனமாயின.

விளையாட்டே வானிலிருந்து வந்த கட்டம் டி.டி.எச். எனப்படும் நேரடிச் செயற்கைக்கோள் தொலைக்காட்சியில் அமைந்தது. 2006இல் தொடங்கிய டாட்டா ஸ்கையின் ஆக்டிவ் சேவைகளுள் ரிமோட்டைக் கொண்டு ஆடும் எளிய விளையாட்டுகளும் இருந்தன. ஒருவழிப் பாதையான ஒளிபரப்பில், எனக்கு இது வேண்டும் என்று பெட்டி வானத்திடம் கேட்க முடியாது. ஆகவே தரவுகள் எல்லாம் வரிசையாக, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, சுற்றிச்சுற்றி அனுப்பப்படும். அறுபத்துமூவர் விழாவில் மாடவீதி முனையில் நிற்பவர், தாம் காண விரும்பும் நாயன்மாரின் பல்லக்கு வரும்வரை காத்திருப்பதைப் போன்றே, பெட்டியும் தனக்கு வேண்டிய பகுதி வரும்வரை காத்திருந்து பிடித்துக்கொள்ளும். விளையாட்டு திறப்பதற்கு முன் நேர்ந்த தாமதத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

வானத்தை நம்பியதன் இடர்களும் உடன் வந்தன. டி.டி.எச். பயன்படுத்தும் கேயு அலைவரிசையை மழைத்துளிகள் விழுங்குவதால் ஐப்பசி மழையில் படம் உறைந்து நிற்கும். 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத் தகடுகளுள் ஒன்றில் மின்கோளாறு ஏற்பட்டு அதன் திறனில் பாதி முடங்கியபோது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சன் டைரக்ட் வேறு செயற்கைக்கோளுக்கு மாற நேர்ந்தது.

ஜப்பானில் நின்டெண்டோ 1999இல் விலகிக்கொள்ள, செயின்ட் கிகா 2000 ஜூன் 30 வரை தாக்குப்பிடித்தது. அதன்பின் அந்த விளையாட்டுகளில் மிஞ்சியவை பெரும்பாலும் பழைய நினைவகப் பேழைகளில் அழியாமல் கிடந்தவையே. சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்கிப் படியெடுத்தனர், சவுண்ட்லிங்கின் குரல்களை அக்காலத்தில் யாரோ நாடாவில் பதிந்துவைத்த ஒலியிலிருந்து மீட்டனர். 1996இல் ஸ்கொயர் நிறுவனம் இக்கருவிக்கென்றே உருவாக்கிய ராடிகல் டிரீமர்ஸ், 26 ஆண்டுகள் கழித்து 2022இல்தான் முறைப்படி மறுவெளியீடு கண்டது.

சென்னையில் இந்த வேலை இன்னும் தொடங்கப்பட வேண்டியதாகவே உள்ளது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டிய நூல்களும் துண்டறிக்கைகளுமே, 1994இல் இந்நகரில் அமைந்து இன்று தரமணியில் இயங்கும் ஆய்வு நூலகத்துக்கு அடித்தளமாயின. பரணில் கிடக்கும் வேர்ல்டுஸ்பேஸ் பெட்டியையும், கேஸ் காலத்துச் செட்டாப் பாக்ஸையும், அவற்றின் கையேடுகளையும், ஷ்ருதியைப் பதிந்த ஒலிநாடாவையும் பழைய பொருள் வாங்குபவரிடம் எடைக்குப் போடுமுன், அவற்றில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக் குறித்துவைப்பது, வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் செய்யத்தக்க பணி.