அழகக்கோனின் எதிர்ப்பு: சான்றுகளும் அவற்றின் மதிப்பும்

ஈழவரலாற்றின் இடைக்காலப் பகுதியைக் கற்கும் மாணவர், கம்பளை அரசர் காலத்துக்கு வந்ததும் ஒரு வினாவை எழுப்புவது வழக்கம். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திக்கும் அழகக்கோனுக்கும் நிகழ்ந்த போரில் வென்றவர் யாவர் என்பதே அவ்வினா. சிங்கள நூல்களைத் தழுவி எழுந்த பாடநூலைப் படித்தவன் அழகக்கோன் வென்றான் என்பான். யாழ்ப்பாண வைபவமாலையைப் படித்தவன் ஆரியச்சக்கரவர்த்தி இலங்கை முழுவதும் தன் கொடியை நாட்டினான் என்பான். இருவரும் தத்தம் நூலையே சான்றாகக் காட்டுவர். நூல்களோ ஒன்றற்கொன்று மாறுபடுகின்றன.

இந்நிலையில் வென்றவர் யாவர் என்னும் வினாவுக்கு முன்னர் மற்றொரு வினாவை எழுப்புதல் வேண்டும். இந்நூல்கள் யாரால், எக்காலத்தில், எதன்பொருட்டு எழுதப்பட்டன என்பதே அது. அவ்வாறு ஆராயுமிடத்து இரண்டு உண்மைகள் புலனாகும். இப்போரை இரு இனங்களின் போராகக் காணும் வழக்கம் சான்றுகளின் முன் நிலைபெறாது என்பது ஒன்று. நம்மவர் நூல் ஒரு தோல்வியைச் சொல்லாது விட்டுள்ளது என்பது மற்றொன்று. முன்னையதை மட்டும் ஏற்றுப் பின்னையதை மறுப்பது நேர்மையாகாது. இரண்டையும் ஒருங்கே நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் யாழ்ப்பாணத்தின் எழுச்சியை நோக்குவோம். கி. பி. 1344-இல் ஈழத்துக்கு வந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பத்தூத்தா, புத்தளத்திலே ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு உரையாடினார். அவ்வரசன் பாரசீக மொழியை அறிந்திருந்தான். தன் முத்துக்களை அவருக்குக் காட்டினான். சிவனொளிபாத மலைக்குச் செல்லப் பல்லக்கும் துணையாட்களும் அளித்தான். சோழமண்டலக் கரையிலே அவனுக்குரிய கலங்கள் பெரியனவும் சிறியனவுமாக நூறு வந்திருக்கக் கண்டதாகவும் அவர் குறித்துள்ளார். புத்தளக் கரையில் கறுவா மரங்கள் குவிந்து கிடந்தன என்பதும் அவர் கூற்றே. முத்து, கறுவா, கப்பல் ஆகிய இம்மூன்றுமே ஆரியச்சக்கரவர்த்தியின் வலிமைக்கு அடிப்படையாயின என்பது இதனால் விளங்கும். இபுன் பத்தூத்தா எவ்வரசனின் அவைப்புலவருமல்லர்; ஈழத்து எக்கட்சிக்கும் உரியவருமல்லர். ஆதலின் அவர் கூற்றுக்குத் தனிமதிப்பு உண்டு.

அவர் குறிப்பிலே நாம் கருதவேண்டிய பிறிதொரு செய்தியும் உளது. அக்காலத்துக் கொழும்பு, ஆரியச்சக்கரவர்த்தியின் கையில் இருக்கவில்லை. ஏறத்தாழ ஐந்நூறு அபிசீனியரைத் துணையாகக் கொண்ட வேறொரு கடற்றலைவனே அதனை ஆண்டான். ஆனால் ஒரு தலைமுறைக்குள் கொழும்பிலும் ஆரியச்சக்கரவர்த்தியின் பாசறை இருந்தமையைச் சிங்கள நூல் கூறுகின்றது. புத்தளத்திலிருந்து கொழும்புவரை யாழ்ப்பாணத்தின் கை நீண்டது இவ்விடைக்காலத்திலேயே என நாம் உய்த்துணரலாம். அழகக்கோன் எதிர்த்தது பழையதோர் ஆட்சியையன்று. தன் கண்முன்னே வளர்ந்துவந்த ஆட்சியை என்பது இங்குக் கருதத்தக்கது.

இவ்வளர்ச்சி கரையோரத்தோடு நிற்கவில்லை. கண்டி மாவட்டத்து மெதவலையிலுள்ள கல்வெட்டு, மூன்றாம் விக்கிரமபாகுவின் ஆட்சியில், கி. பி. 1359-ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்டது. மார்த்தாண்டப் பெருமாள் என்பானொருவனோடு செய்துகொண்ட உடன்பாட்டையும், மலைநாட்டு ஊர்கள் சிலவற்றில் இறை தண்டப் பிராமணர் அமர்த்தப்பட்டமையையும் அது கூறுகின்றது. இப்பெருமாள் யாழ்ப்பாணத்து அரசனே எனப் பேராசிரியர் பரணவிதான கருதினார். யாழ்ப்பாண அரசர் வரிசையிலும் மார்த்தாண்டன் என்னும் பெயர் காணப்படுதல் இதற்கு அரணாகும். இக்கருத்தை ஏற்பின், கம்பளை அரசன் தன் அரண்மனைக்கு அணித்தான ஊர்களிலேயே அயலரசனுக்கு இறை செலுத்த உடன்பட்டிருந்தான் என்பது பெறப்படும்.

இனி, எதிர்த்தவன் யார் எனக் காண்போம். நிச்சங்க அழகக்கோன் முடிசூடிய மன்னனல்லன். கம்பளை அரசனின் அமைச்சனாயிருந்து, மேல்நாட்டில் றைகமப் பகுதியைத் தன் ஆட்சியில் வைத்திருந்த குறுநிலத் தலைவன். சிங்கள நூல்கள் அவனை அளகேசுவரன் என வடமொழிப்படுத்தியும் வழங்கும். அழகக்கோன் என்னும் பெயரின் தமிழ்த்தன்மை வெளிப்படை. அவன் குலத்தின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் என்பதைச் சிங்களச் சான்றுகளே கூறுகின்றன. அவர்கள் பௌத்தத்தைத் தழுவி, சிங்கள மக்களோடு கலந்து, சில தலைமுறைக்குள் அரசை நடத்தும் குடியாயினர். சிங்களரின் காவலன் எனப் பாடநூல்கள் போற்றும் ஒருவன் தென்னாட்டு வழியினனாயிருத்தலை நம் மாணவர் வியப்போடு நோக்குவர். அவ்வியப்பு நம் காலத்துக்குரியதேயன்றி அவன் காலத்துக்குரியதன்று.

அவன் செயல்களைக் கூறும் சிங்கள நூல்களுள் காலத்தால் நெருங்கியது நிகாய சங்கிரகய. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் தேவரக்கித ஜயபாகு தேரரால் இயற்றப்பட்டது. கொழும்பு, வத்தளை, நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய இடங்களில் இருந்த ஆரியச்சக்கரவர்த்தியின் பாசறைகளை அழகக்கோன் அகற்றினான் என்றும், சயவர்த்தனபுரம் என்னும் கோட்டையை எழுப்பினான் என்றும் இந்நூல் சுருங்கக் கூறும். போர் நிகழ்ந்த தலைமுறைக்கு அடுத்துத் தோன்றியமையால் இதன் மதிப்பு உயர்ந்தது. ஆயினும் இதன் ஆசிரியர் நடுநிலையாளர் எனல் இயலாது. நூலின் பொருள் பௌத்த நிகாயங்களின் வரலாறு. அழகக்கோன் குடியினரோ சங்கத்தின் சீர்திருத்தத்துக்குத் துணைநின்ற புரவலர். புரவலனைப் புகழ்தல் நூலாசிரியர்க்கு இயல்பு. எனினும் நான்கு ஊர்களைப் பெயர் சுட்டிக் கூறுதல் வெறும் புகழுரையின் பாற்பட்டதன்று. அவ்வூர்களில் வாழ்ந்தோர் பலர் அக்காலத்தில் உயிரோடிருந்தனர்; அவர் அறிந்ததற்கு மாறாக எழுதுதல் எளிதன்று.

இராசாவலிய என்னும் நூல் இதனினும் விரிவானது. ஆனால் காலத்தால் மிகப் பிந்தியது. போர் நிகழ்ந்து ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே அது இறுதி வடிவம் பெற்றது. அக்காலத்து மூன்று ஆட்சிகளுள் ஆரியச்சக்கரவர்த்தியே படையாலும் பொருளாலும் மேம்பட்டவன் என அது ஒப்புக்கொள்கின்றது. மலைநாட்டிலும் கீழ்நாட்டிலும் ஒன்பது துறைகளிலும் அவன் இறை பெற்றான் என்கின்றது. அழகக்கோன் கோட்டையைக் கட்டி, அகழி தோண்டி, உணவுப் பொருள்களைச் சேமித்த பின்னரே இறை தண்டுவோரைத் தூக்கிலிட்டான் என்றும், சினங்கொண்ட ஆரியச்சக்கரவர்த்தி தரைவழியே மாத்தளைக்கு ஒரு படையையும் கடல்வழியே பாணந்துறைக்கு மற்றொரு படையையும் ஏவினான் என்றும், கலங்கள் உடைக்கப்பட்டுக் கடற்படை தோற்றதென்றும் அது விரித்துரைக்கும். அரசனாகிய ஐந்தாம் புவனேகபாகு கம்பளையை விட்டகன்றான். மாத்தளைக்கு வந்த படையை மலைநாட்டு மக்களே விரட்டினர் என்பதும் அந்நூற் செய்தியே.

இவற்றுள் எதனைக் கொள்வது, எதனை விடுவது? வேறு சான்றின் துணையுள்ளதைக் கொள்க. துணையில்லாததைத் தீர்ப்புக்கு வைக்காது நிறுத்துக. இறை தண்டிய செய்திக்கு மெதவலைக் கல்வெட்டுத் துணை. பாசறைகள் அகன்றமைக்கு நிகாய சங்கிரகய துணை. தூக்கிலிட்ட கதைக்கும் உணவு சேமித்த விவரத்துக்கும் அத்தகைய துணையில்லை. பறங்கியர் காலத்து முற்றுகைகளை அறிந்த பிற்காலத்தவர், கோட்டை என்றதும் முற்றுகைக்குரிய உணவை நினைத்தல் இயல்பேயாம். ஆனால் ஒரு செய்தி இங்கே நம் கருத்தை ஈர்க்கின்றது. முடிசூடியவன் அகன்றான், அமைச்சன் நின்றான் எனச் சொல்லுதல் அரசகுலத்துக்குப் பெருமை தருவதன்று. தன் பக்கத்துக்கு இழுக்காவதை ஒரு நூல் கூறுமாயின், அதனை எளிதில் தள்ளிவிடலாகாது.

இனி நம்மவர் நூலுக்கு வருவோம். யாழ்ப்பாண வைபவமாலை, மாதகல் மயில்வாகனப் புலவரால் பதினெட்டாம் நூற்றாண்டில், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதப்பட்டது. முத்துக்குளிப்புப் பற்றி எழுந்த பிணக்கிலே சயவீர சிங்கையாரியன் கண்டியரசனாகிய புவனேகபாகுவை வென்று இலங்கை முழுவதையும் ஆண்டான் என்றும், பின்னர்ப் பாண்டியன் இடைநின்று வேண்ட, நாட்டை மீளக் கொடுத்தான் என்றும் அது கூறும். அழகக்கோனின் பெயரோ, கோட்டையோ, பாணந்துறைப் போரோ அதன்கண் இல்லை. புவனேகபாகுவைக் கண்டியரசன் என்றல் பிற்கால வழக்கை முற்காலத்தின்மேல் ஏற்றியதாகும். அவன் இருந்தது கம்பளையில். கண்டி அரசிருக்கையானது பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின்னரே. வென்றவன் தானே மனமுவந்து நாட்டைத் திருப்பிக் கொடுத்தான் என்பதும் ஐயத்துக்கு இடமாகும். இழந்ததை ஈந்ததாகக் கூறுதல் தோற்றோர் நூல்களிலே எந்நாட்டிலும் காணப்படும் முறை. வைபவமாலையை ஆராய்ந்து 1928-இல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ எழுதிய சுவாமி ஞானப்பிரகாசர், நம் நூலை நாமே நிறுத்துப் பார்க்கலாம் என்னும் துணிவை நமக்கு அளித்தவர். அத்துணிவை இவ்விடத்திலும் கைவிடலாகாது.

அவ்வாறாயின் வைபவமாலை முற்றும் பொய்யோ எனின், அன்று. கேகாலை மாவட்டத்துக் கோட்டகமையிற் கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு, சிங்கைநகர் ஆரியனை எதிர்த்த அனுரைத் தலைவர்தம் மகளிரின் துயரைச் செய்யுளாற் கூறுகின்றது. எழுத்தமைதி கொண்டு அதனைப் பதினான்காம் நூற்றாண்டினதென்பாரும் பதினைந்தாம் நூற்றாண்டினதென்பாரும் உளர். எக்காலத்ததாயினும், யாழ்ப்பாணப் படை உள்நாட்டில் வெற்றி பெற்றதொரு காலம் உண்டென்பதற்கு அது கரியாகும். ஆனால் ஒரு படையெடுப்பின் வெற்றி வேறு; நீண்ட பூசலின் முடிவு வேறு. கல்வெட்டின் வெற்றியைக் கொண்டு பாசறைகள் அகன்றமையை மறுக்கவியலாது. பாசறைகள் அகன்றமையைக் கொண்டு கல்வெட்டைப் பொய்யெனத் தள்ளவுமியலாது. மாணவன் கேட்கும் ‘வென்றவர் யாவர்’ என்னும் வினாவுக்கு விடை இதுவே: யாழ்ப்பாணம் பலமுறை வென்றது, மேலைக் கரையின் தென்பகுதியை இறுதியில் இழந்தது.

இப்பூசலின் காரணத்தை இனி எளிதிற் காணலாம். சிங்கள நூல்கள் கூறுவது இறையும் துறைகளும். வைபவமாலை கூறுவது முத்துக்குளிப்பு. இபுன் பத்தூத்தா கண்டது கறுவாவும் கலங்களும். முடிவைப் பற்றி மாறுபடும் சான்றுகள் காரணத்தைப் பற்றி ஒன்றுபடுகின்றன என்பது நோக்கற்பாலது. எச்சான்றும் மொழியைக் காரணமாகக் கூறவில்லை. சமயத்தைக் காரணமாகக் காட்டுவதும் பொருந்தாது. அழகக்கோன் தன் கோட்டையின் நாற்புறத்தும் உபுல்வன், சமன், விபீடணன், கந்தகுமாரன் ஆகிய தெய்வங்கட்குக் கோயில்கள் அமைத்தான் என நிகாய சங்கிரகய கூறுகின்றது. யாழ்ப்பாணத்தவர் வணங்கும் கந்தப்பெருமானையே, யாழ்ப்பாணப் படையைத் தடுக்க எழுப்பிய கோட்டைக்குக் காவலாக நிறுத்தியவன் அவன். இதனினும் தெளிவான சான்று வேறு வேண்டுமோ?

அழகக்கோன் குடியின் பின்வரலாறும் ஒரு பாடம். அக்குடியிற் பிறந்த வீர அளகேசுவரன் 1411-இல் சீனக் கடற்படைத் தலைவன் செங்கோவால் சிறைப்பிடிக்கப்பட்டுச் சீனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டான். ஒரு கடல்வலிமையைத் தடுத்த குடி மற்றொரு கடல்வலிமையால் வீழ்ந்தது. அதன்பின் எழுந்த ஆறாம் பராக்கிரமபாகு அக்கோட்டையையே தலைநகராக்கினான். 1450-இல் அவன் பொருட்டுச் சப்புமல் குமாரன் யாழ்ப்பாணத்தை வென்றான். வளர்ந்துவரும் அயலரசைத் தடுக்க எழுந்த அரண், ஒரு நூற்றாண்டுக்குள் அவ்வயலரசையே வெல்லும் அரசுக்கு இருப்பிடமாயிற்று. எதிர்த்து நின்றவன் என்றும் எளியவனாகவே இருப்பான் என்றும், எழுந்து வந்தவன் என்றும் வலியவனாகவே இருப்பான் என்றும் எண்ணுதற்கு வரலாறு இடந்தருவதில்லை.

நம் வகுப்பறைகளில் இப்பகுதியைக் கற்பிப்போர்க்கு ஒரு பொறுப்பு உண்டு. கடந்த காலத்தின் பூசல்களை இன்றைய பகைமையின் சொற்களாற் கூறுவது எளிது, கேட்போர்க்கு இனிதுமாகும். அதனால் இருபாலாரும் தம் நூலையே நம்புவர். மற்றவர் நூலைப் படியார். சிங்கள நூல்களைத் தமிழ் மாணவனும், தமிழ்ச் சான்றுகளைச் சிங்கள மாணவனும் கற்று, தத்தம் பக்கத்துக் குறையைத் தாமே எடுத்துரைக்கும் நாளில்தான் இந்நாட்டு வரலாறு ஒரு கலையாக நிலைபெறும். அதற்கு முதற்படியாக, யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவன் தன் விடைத்தாளிலே, ‘எம் அரசன் இங்கே தோற்றான், அவனை வென்றவனும் எம் முன்னோர் வந்த தென்னாட்டு வழியினனே’ என்று நாணமின்றி எழுதக் கற்பானாக. அவ்வாறு எழுதுபவனுக்குக் கோட்டகமைக் கல்லின் வெற்றியைக் கூறும் உரிமையும் உண்டு.