விங்குல ஏன்டா நிக்கிற?

கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் 2025 செப்டம்பரில் நடந்த தெற்காசிய 17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து பற்றிப் பேச வேண்டியதை எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். கோல் போட்டவர்களுக்குப் பாராட்டு, டைபிரேக்கரில் பதறாமல் நின்றவர்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு. வங்கதேசத்தை வீழ்த்திக் கோப்பையோடு வந்தது நம் அணி, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இந்த மாதிரி ஜூனியர் போட்டிகளில் திரும்பத் திரும்ப ஒரு காரியம் நடக்கிறது. அதைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று யார் வாயிலும் வருவதில்லை. செல்போனில் ஆட்டம் பார்க்கும் நம் புதுச்சேரியின் வில்லியனூர் டீக்கடையாக இருக்கட்டும், பாகூர் கடைத்தெருவாக இருக்கட்டும், அதற்குக் கிடைப்பது ஒரே வசவு: "விங்குல ஏன்டா நிக்கிற? போடா!"

அந்த வசவை வாங்கும் பையன் யார், எந்த நாட்டுச் சட்டை போட்டிருந்தான், முதுகில் என்ன எண் என்பதெல்லாம் வேண்டாம். ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு அவனைத் தெரியும். ஏழு நாட்டு அணிகள் வந்தால் அதில் இரண்டு மூன்று பேராவது அவன் சாயலில் இருப்பார்கள். மற்றவர்களைவிடத் தோள் குறுகல், சட்டை தொளதொளவென்று தொங்கும். கோல் கணக்கில் அவன் பெயர் இருக்காது.

அவன் செய்வது இதுதான். நடுக்கோட்டைத் தாண்டிப் பக்கக்கோட்டை ஒட்டி அவனுக்குப் பந்து வருகிறது. எதிரே பேக் இரண்டு எட்டில் நிற்கிறான். பேக்குக்குப் பின்னால் இருபது கெஜம் வெறும் புல். பார்க்கிற எவருக்கும் கால் பரபரக்கும் இடம் அது, தட்டிவிட்டு ஓடிவிடலாம். இவனோ உள்ளங்காலைப் பந்தின் மேல் வைத்து நிற்கிறான். ஒரு விநாடி, இரண்டு விநாடி. டீக்கடையில் சத்தம் கிளம்புகிறது. இவன் பின்னால் திரும்பி ஐந்து கெஜத்தில் இருக்கும் நடுக்களக்காரனுக்குப் பந்தைக் கொடுத்துவிடுகிறான். "பயந்துட்டான்" என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

அந்த இரண்டு விநாடியில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். எதிரே நிற்கும் பேக்கால் பாயவும் முடியாது, பின்வாங்கவும் முடியாது. பாய்ந்தால் பந்து அவன் கால்களுக்கு நடுவே போகும். பின்வாங்கினால் இவனுக்கு இடம் கிடைக்கும். குதிகாலில் எடையைப் போட்டு உறைந்து நிற்கிறான். அவனுக்குத் துணையாக எதிரணியின் நடுக்களக் காவல்காரன் ஓடி வருகிறான். அவன் வந்த மாத்திரத்தில் பெனால்டி பாக்ஸின் வாசல் காலி. இதற்குள் இவன் அணியின் பேக் வெளிப்பக்கமாக ஏறி வருகிறான். அவனைப் பார்க்க இன்னொருவன் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது. ஒரு பையன் சும்மா நின்றதற்கு எதிரணியில் மூன்று பேர் இடம் மாறியிருக்கிறார்கள். பின்னால் கொடுத்த அந்தப் பந்து இரண்டு பாஸ் கழித்து எதிர் விங்கில் ஆளில்லாத இடத்தில் போய் இறங்குகிறது. கோல் விழுந்தால் கிராஸ் போட்டவனைச் சொல்வார்கள், தலையால் முட்டியவனைச் சொல்வார்கள். கோல் எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வர்ணனைக்காரருக்கு நேரம் கிடையாது.

கபடி தெரிந்த ஊர்கள் இவை. பாடிப்போகிறவன் எதிராளி கோட்டுக்குள் கையை நீட்டாமல் ஆடி ஆடி நின்றால் அவனை யாரும் கோழை என்று சொல்வதில்லை. யார் முதலில் அசைகிறான் என்று பார்க்கிறான் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதே ஆட்கள் கால்பந்து பார்க்கும்போது மட்டும் எப்படி இந்தப் புத்தியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் நம் சொல்தா தாத்தாக்களும் விதிவிலக்கில்லை. பிரான்ஸ் அணியின் விங்கர் நின்று, பேக்கைத் தூங்க வைத்து, பந்தைப் பின்னால் கொடுத்தால் உச்சுக்கொட்டி ரசிப்பார்கள். நம் பையன் நின்றால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அவன் ஏன் நிற்கிறான் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது உடம்பு.

ஜூனியர் கால்பந்தில் வயதுக் கணக்கு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. ஜனவரி முதல் வாரத்தில் பிறந்தவனும் டிசம்பர் கடைசியில் பிறந்தவனும் காகிதத்தில் ஒரே வயது. நடுவில் ஏறக்குறைய ஒரு வருடம். அறுபது வயதில் ஒரு வருடம் பெரிதில்லை. பதினைந்து, பதினாறில் அது தோள், தொடை, நான்கு விரல் உயரம். இதை முதலில் எண்ணிப் பார்த்துச் சொன்னவர்கள் கால்பந்துக்காரர்கள்கூட இல்லை. 1980-களில் கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகளின் பட்டியலை எடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதில் குவிந்து கிடப்பதைக் கண்டார்கள். பிறகு ஐரோப்பாவின் ஜூனியர் கால்பந்தைத் தோண்டினார்கள்; அங்கும் அதே கதை. பயிற்சியாளர் திறமையைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டு மாதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

பொய் வயது என்கிற நம் நாட்டுச் சங்கதி வேறு. அதைப் பிடிக்க மணிக்கட்டு எலும்பைப் படம் எடுக்கிறார்கள். 17 வயதுப் பிரிவில் ஃபிஃபா 2009 முதல் எம்ஆர்ஐ வைத்திருக்கிறது. அது பொய் சொன்னவனைப் பிடிக்கும். சட்டப்படி சரியான வயதில் இருந்துகொண்டு சீக்கிரம் வளர்ந்துவிட்டவனுக்கும், இன்னும் மீசை அரும்பாதவனுக்கும் நடுவே எந்தப் படமும் நியாயம் சொல்லாது.

ஆகவே இந்தப் பையனை அவன் இடத்திலிருந்து பாருங்கள். எதிரே நிற்கும் பேக் அவனைவிடக் கனம். தோளோடு தோள் மோதினால் விளம்பரப் பலகையில் போய்த்தான் விழ வேண்டும். பந்தைத் தட்டிவிட்டு ஓடினால் முதல் பத்து கெஜத்திலேயே பிடிபடுவான். இந்த வயதில் அவனுக்குக் கைவசம் இருப்பது ஒன்றே ஒன்று: மற்றவர்களைவிட அரை விநாடி முன்னால் பார்ப்பது. உடம்பு இல்லாததால் மூளையை வைத்து ஆடக் கற்றிருக்கிறான். வலுவுள்ளவன் அதைக் கற்கவில்லை, அவசியப்படவில்லை. ஒவ்வொரு முறையும் தட்டிவிட்டு ஓடினான், ஒவ்வொரு முறையும் ஜெயித்தான், நாம் கைதட்டினோம்.

பெல்ஜியம் கால்பந்துச் சங்கம் இதைப் புரிந்துகொண்டு ஒரு காரியம் செய்தது. தாமதமாக வளரும் பையன்களுக்கென்றே 'ஃபியூச்சர்ஸ்' என்ற பெயரில் தனியாக ஜூனியர் தேசிய அணி வைத்தது. ஒரு கோடிச் சொச்சம் பேர் வாழும் நாடு, ஒருவனையும் வீணாக்க முடியாது என்று கணக்குப் போட்டது. நமக்கு ஆள் அதிகம் என்பதாலேயே வீணாக்குவது சுலபமாக இருக்கிறது.

நம் கொம்யூன்களுக்கு வருவோம். பாகூர் பக்கம் அறுவடை முடிந்த வயலில் ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அறுத்த தாள் காலைக் குத்தும். வரப்போரம் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று பந்துக்கே தெரியாது. சங்கராபரணி ஆற்று மணலில் ஆடினாலோ பந்து ஓடவே ஓடாது. இரண்டு இடத்திலும் பிழைக்க ஒரே வழி, வந்த பந்தை முதலில் உள்ளங்காலால் அடக்கிவிட்டு அப்புறம் யோசிப்பது. ஐரோப்பிய அகாடமிகள் காசு வாங்கிக்கொண்டு கற்றுத்தருவதை நம் மண் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறது. மணி நேர வாடகைக்கு விடும் டர்ஃப் மைதானங்களைக் குறை சொல்லமாட்டேன், கால் பழகும். ஆனால் சுற்றிலும் வலை கட்டிய அந்தப் பெட்டிக்குள் விங் என்ற ஒன்றே கிடையாது. 68 மீட்டர் அகல மைதானத்தில் பக்கக்கோட்டில் தனியாக நிற்பதன் பலன் அங்கே ஆடுகிறவனுக்கு எப்படித் தெரியும்?

அடக்கத் தெரிந்த பையன்கள் நம்மிடம் இருக்கிறார்கள். சுப்ரதோ கோப்பைக்குப் பள்ளி அணி எடுக்கும்போதோ, பிரதேச ஜூனியர் அணிக்கு ட்ரையல்ஸ் வைக்கும்போதோ கால் மணி நேரம் ஒரு மேட்ச் ஆடவிடுவார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் கண்ணில் படுகிறவன் யார்? ஓடுகிறவன், உயரமானவன், சத்தமாகப் பந்து கேட்கிறவன். நின்று யோசிக்கிறவன் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடுவான். தேர்வாளர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பாவும் மாமாவும் கத்துகிற கத்தலில் பையனே ஒரு கட்டத்தில் நிற்பதை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்துவிடுகிறான். அன்றைக்கு ஒரு விங்கர் காலி.

இந்தியா, வங்கதேசம் ஜூனியர் ஆட்டங்கள் ஏன் இப்படி டைபிரேக்கருக்கே போகின்றன என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதுதான். 2015 சில்ஹெட் இறுதி ஆட்டம், 2024 நேபாளத்தில் 20 வயதுப் பிரிவு அரையிறுதி, 2025 மே மாதம் அருணாசலத்தின் யூபியாவில் 19 வயதுப் பிரிவு இறுதி, அப்புறம் கொழும்பு. முதல் இரண்டு அவர்களுக்கு, அடுத்த இரண்டு நமக்கு. இரு பக்கமும் ஓடத் தெரிந்த பையன்கள். கடைசி அரை மணி நேரத்தில் கால் ஓய்ந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்து எதிராளியை இடம் மாற்றத் தெரிந்தவனைப் பெரும்பாலும் அதற்குள் பெஞ்சுக்கு அழைத்திருப்பார்கள், "எனர்ஜி" வேண்டும் என்று புதுக்கால் ஒன்றை இறக்குவார்கள். பிறகு 11 மீட்டரில் பந்தை வைத்துவிட்டு சாமி கும்பிட வேண்டியதுதான்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரு நாட்டுப் பையன்களும் அடுத்து நாக் அவுட்டில் சந்திக்கும் ஆட்டமும் டைபிரேக்கருக்குத்தான் போகும். பூடானை யாரும் கணக்கில் வைப்பதில்லை. சிறிய உடம்பு, பொறுமையான பாஸ் என்று ஆடுகிறவர்கள் அவர்கள்; சீக்கிரமே ஒரு ஜூனியர் கோப்பையில் பெரிய அணி ஒன்றை வீட்டுக்கு அனுப்புவார்கள். நம் விங்கில் ஓடி ஓடிக் கைதட்டல் வாங்கிய பெரிய பையன் இருபது வயதில் தன்னைப் போலவே வேகமான பேக்குகளைச் சந்திப்பான். நல்ல பயிற்சியாளர் கிடைத்தால் அவனே பேக் ஆகிவிடுவான், கிடைக்காவிட்டால் இரண்டு சீசனில் மறந்துபோவோம். நின்ற பையனுக்கு அதற்கு முன்பே கெட்ட காலம். 20 வயதுக்குட்பட்டோர் அணியின் முதல் பதினொன்றில் அவன் இருக்கமாட்டான், உயரம் போதாது என்பார்கள். இருபத்திரண்டில் உடம்பு நிரம்பி வருவான். அப்போது அவனை எங்கிருந்து கண்டுபிடித்தார்கள் என்று ஆச்சரியப்படுவோம்.

17 வயது உலகக் கோப்பையை 2025 முதல் 2029 வரை ஆண்டுதோறும் கத்தாரில், 48 அணிகளோடு நடத்துகிறது ஃபிஃபா. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்தபோது தவறான ஆண்டில் பிறந்தவனுக்கு வாய்ப்பே குறைவு. இப்போது அந்தக் குறை தீர்ந்தது. தவறான மாதத்தில் பிறந்தவன் குறை அப்படியே இருக்கிறது. 2025 நவம்பரில் அகமதாபாத்தில் ஈரானை வென்று 17 வயது ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற நாடு நாம். இனி ஆண்டுக்கு ஆண்டு அவசரம் கூடும். அவசரப்படுகிற பயிற்சியாளர் வளர்ந்தவனைத்தான் எடுப்பார்.

அதனால் வில்லியனூர், பாகூர் மைதானங்களில் செலக்‌ஷன் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர்ப் பட்டியலில் பிறந்த மாதத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். செப்டம்பருக்குப் பின் பிறந்தவனை முதல் கால் மணி நேரத்திலேயே வெளியே அனுப்பாதீர்கள், இன்னொரு மேட்ச் ஆடவிடுங்கள். கோட்டுக்கு வெளியே நிற்கும் நாம் அவன் பந்தின் மேல் காலை வைத்தால் மூன்று விநாடி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.