மூன்றாம் எண் ராடு: கிராமை நம்பாதீர்கள்

ஃபிளை ஃபிஷிங் ராடு விற்பவர்கள் முதலில் நீட்டுவது கிராம் கணக்கைத்தான். எழுபது, எண்பது கிராம் என்றதும் வாங்குபவர் மனம் இளகிவிடும். ஆனால் அடியில் மாட்டும் ரீலே பெரும்பாலும் ராடைவிடக் கனம். கையை அயர்த்துவது மொத்த எடை அல்ல. பிடிக்கு அப்பால், நுனிப்பக்கம் கிடக்கும் எடை. உலக்கையை நடுவில் பிடித்துத் தூக்குவதற்கும் ஓரத்தில் பிடித்துத் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. கடையிலேயே ரீலை மாட்டி வீசுவதுபோல் ஆட்டி, சட்டென்று நிறுத்துங்கள். நுனி நெடுநேரம் அலைந்துகொண்டே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பிடிக்கு மேலே எழுதியிருக்கும் 3, 4, 5 ராடின் எடையே அல்ல, அதற்குப் பொருந்தும் லைனின் எண். கொக்கியில் கட்டிய போலிப் பூச்சியான ஃபிளைக்குப் பெரும்பாலும் கனம் கிடையாது. நாம் வீசுவது லைனைத்தான். லைனின் முதல் 30 அடி, மூன்றாம் எண்ணில் சுமார் 6.5 கிராம், ஐந்தாம் எண்ணில் சுமார் 9 கிராம். இந்த இரண்டரை கிராம் ஆற்றில் என்ன பாடு படுத்தும் என்பது காற்றடிக்கும்போது தெரியும்.

நான் பார்த்த மூன்றாம் எண் ராடு, ஏழரை அடி, நான்கு துண்டு, நிதானமாக வளையும் கிராஃபைட் ராடு. இடம் இமாச்சலத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கு. குஷைணியில் தீர்த்தன் ஆற்றோடு கலக்கும் ஃபலாச்சன் ஓடைக்கு இது அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. பாறைக்குப் பாறை சிறு மடு, முதுகுக்குப் பின்னால் புதர், வீச வேண்டியது இருபது அடிக்குள். வெளியே கொஞ்சம் லைன் இருந்தாலே ராடு வளைந்து கொடுக்கிறது. 16-ஆம் அளவு ஃபிளை நீரில் சத்தமில்லாமல் உட்கார்கிறது. நுனி மெத்தென்று இருப்பதால், பிரௌன் டிரௌட் திடீரென்று இழுத்தாலும் மெல்லிய நரம்பு அறுவதில்லை.

தீர்த்தனில் கதை வேறு. மதியத்துக்குமேல் பள்ளத்தாக்குக் காற்று எதிரே வந்தால் லைன் பாதியில் சுருண்டு விழுகிறது. மணி கோத்த, நீரில் மூழ்கும் கனமான நிம்ஃப் ஃபிளை இரண்டைக் கட்டினால் ராடு திணறுகிறது. பெரிய மீனை இழுத்து முடிக்கவும் நேரமாகிறது. பிடித்து விடுவிக்க நினைப்பவருக்கு அது நல்லதல்ல. களைத்த மீன் விட்ட பிறகும் செத்துப்போகலாம்.

இணைப்புகளையும் பாருங்கள். வீச வீசத் துண்டுகள் மெல்லத் திருகிக்கொண்டு, வளையங்கள் நேர்க்கோட்டிலிருந்து விலகும். ஆண் முனையில் கொஞ்சம் மெழுகுவத்தி தேய்த்தால் பிடித்துக்கொள்ளும். கார்க் பிடியில் பூச்சு வைத்து அடைத்த குழிகள் நிறைய இருந்தால், நனைந்து காய்ந்ததும் அந்தப் பூச்சு உதிரும்.

ஓடைக்கு மட்டும் என்றால் மூன்றாம் எண் தாராளமாகப் போதும். ஒரே ஒரு ராடுதான் வாங்குவேன் என்பவருக்கு என் யோசனை, எட்டரை அடி நான்காம் எண். மீன்வளத் துறை உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள். இமாச்சலத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை டிரௌட் பிடிக்கத் தடை. நடுத்தர விலை ராடே போதும், மிச்சப் பணத்தை நல்ல லைனில் போடுங்கள்.