காந்தத்துக்கு மாற்று: ஆய்வேடுகள் அளப்பதும் அளக்காததும்

மாற்றுப் பொருள் ஒன்று வந்தால் என்ன நடக்கும் என்பதை மலாக்காத் தமிழர்கள் வாழ்ந்தே அறிந்தவர்கள். தான் சாய் யான் என்பவர் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நடப்பட்ட முதல் ரப்பர் அதுதான். பிறகு ஜாசினிலும் அலோர் காஜாவிலும் விரிந்த தோட்டங்களில் நம்மவர்கள் பால்மரம் வெட்டினார்கள். 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றது. மூன்றே ஆண்டுகளில் அந்த நாடு ஆண்டுக்கு 7 லட்சம் டன்னுக்கு மேல் செயற்கை ரப்பர் செய்யத் தொடங்கிவிட்டது. போருக்குப் பின் ரப்பர் விலையை அழுத்தியதில் செயற்கை ரப்பருக்குப் பங்குண்டு. தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் செம்பனைக்கு மாறியதிலும் உண்டு. ஆனாலும் மரத்துப் பால் ஒழிந்துவிடவில்லை. விமானச் சக்கரத்துக்கு இன்றும் அதுதான் வேண்டும். தரை தொடும் நொடியில் எழும் சூட்டையும் உராய்வையும் செயற்கை ரப்பர் அந்த அளவுக்குத் தாங்குவதில்லை. மாற்று, தனக்குப் பொருந்திய இடங்களைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டது.

அந்தத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பொறியியலில் முனைவர் பட்டம் வரை போகிறார்கள். 2000இல் தொடங்கிய மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், யூடெம், டுரியான் துங்காலிலேயே இருக்கிறது. மின்னியல் படிக்க வெளிமாநிலம் போக வேண்டியதில்லை. இத்துறையில் உலகெங்கும் பெருகிவரும் ஆய்வுத் தலைப்புகளில் ஒன்று, காற்றாலைகளுக்கு அருமண் உலோகம் சேராத காந்தம். இந்த ஆய்வு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது நடக்கும் விதத்தில்தான் குறை காண்கிறேன்.

வேண்டும் என்று ஏன் சொல்கிறேன்? பற்சக்கரப் பெட்டி இல்லாமல் நேரடியாகச் சுழலும் காற்றாலை மின்னாக்கி ஒன்றுக்கு, ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ நியோடைமியக் காந்தம் பிடிக்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அருமண். சூட்டில் காந்தம் தளராதிருக்கக் கொஞ்சம் டிஸ்ப்ரோசியமும் சேர்ப்பார்கள். இவற்றைப் பிரித்தெடுப்பதில் சீனாவின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதை, 2010இல் தனக்கு வரும் ஏற்றுமதி தடைபட்டபோது ஜப்பான் கண்டது. 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தபோது உலகமே கண்டது.

மலேசியர்களுக்கு இன்னும் கிட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. பேராக்கில் புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலை, வெள்ளீயச் சுரங்கக் கழிவான அமாங்கிலிருந்து கிடைத்த மோனசைட்டைக் கரைத்து அருமண் எடுத்தது. கதிர்வீச்சுள்ள தோரியக் கழிவு அக்கம்பக்கத்தில் சேர்ந்தது. மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். அடுத்த ஆண்டே உச்சநீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆலை 1994இல் மூடப்பட்டது. அந்த நினைவு ஆறாததால்தான் குவாந்தானுக்கு அருகே கெபெங்கில் லைனாஸ் ஆலை 2012இல் வந்தபோது அத்தனை எதிர்ப்பு எழுந்தது. தமிழ்நாட்டிலும் இதே கவலைதான். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நெடுங்காலமாக மோனசைட் மணல் எடுக்கிறார்கள். கிள்ளியூர் வட்டத்தில் மேலும் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை அங்குள்ள மீனவ ஊர்கள் எதிர்க்கின்றன. ஒரு கிலோ அருமண்ணைத் தவிர்க்கும் காந்தம் இவர்களுக்கெல்லாம் உதவும். ஆய்வாளர் தம் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதும்போது வெறும் சடங்குக்கு எழுதுவதாக நான் நினைக்கவில்லை.

குறை, அடுத்த பக்கங்களில் தொடங்குகிறது. சோதனைக்கூடத்தில் நடப்பதைக் கூர்ந்து பாருங்கள். புதிதாகச் செய்த கலவையின் தூளில் சில பத்து மில்லிகிராம் எடுத்து, சிறு குப்பியில் அடைத்து, ஒரு கோலின் நுனியில் பொருத்தி, மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே அதிரவிடுகிறார்கள். திரையில் தயக்கக் கண்ணி வரைபடம் விரிகிறது. அதிலிருந்து தேக்குத்திறன் (புலத்தை நீக்கிய பின் எஞ்சும் காந்தம்), காந்த நீக்குத்திறன் (எதிர்ப்புலத்தைத் தாங்கும் வலிமை), ஆற்றல் பெருக்கம் (ஒரு கன அளவில் காந்தம் தரும் ஆற்றலின் அளவுகோல்) மூன்றையும் கணக்கிடுகிறார்கள். மூன்றாவது எண்ணில்தான் சிக்கல். தூளுக்கு இடையே காற்று நிறைய இருக்கும். பல ஆய்வுகளில், அந்தத் தூள் முழுதும் இறுகிய கட்டியாக இருந்தால் என்ன வருமோ அந்த அடர்த்தியைப் போட்டு எண்ணைப் பெருக்கிக் காட்டுகிறார்கள். அப்படியொரு கட்டி இன்னும் யார் கையிலும் இல்லை.

இரும்பு நைட்ரைடை எடுத்துக்கொள்வோம். இரும்பும் நைட்ரஜனும் மட்டுமே சேர்ந்தது. இரண்டுக்கும் உலகில் பஞ்சமில்லை. மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த நைரான் நிறுவனம் இதற்காகவே 2025இல் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. ஆனால் அந்தச் சேர்மம் 200 டிகிரியைக் கடந்தால் சிதையத் தொடங்கும். நியோடைமியத் தூளை 1,000 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கட்டியாக இறுக்குவதுபோல் இதை இறுக்க முடியாது. காந்தச் செறிவு எவ்வளவு உயர்ந்திருந்தாலும், எதிர்ப்புலத்துக்கு அது எளிதில் பணிந்துவிடுகிறது. எனவே 'இறுக்குவது எப்படி' என்பதே இதில் முனைவர் பட்டத்துக்குரிய கேள்வி. தூளைச் செய்து அளந்துகாட்டுவதோடு நிறுத்தும் ஆய்வு, பாதி வழியில் நின்ற ஆய்வு.

மாங்கனீசு–பிஸ்மத் இன்னொரு விருப்பக் கலவை. சூடு ஏற ஏற அதன் காந்த நீக்குத்திறன் கூடுவது உண்மையிலேயே அழகான பண்பு. ஆனால் பிஸ்மத்துக்கும் சீனாவைத்தான் நம்ப வேண்டும். 2025 பிப்ரவரியில் அதற்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அருமண் இல்லை என்று தலைப்பில் போட்டுவிட்டால் வரத்துச் சிக்கல் தீர்ந்ததாக எண்ணுவது பிழை. விண்கற்களில் பல கோடி ஆண்டுகளில் உருவாகும் இரும்பு–நிக்கல் அடுக்கான டெட்ராடீனைட்டைப் பாஸ்பரஸ் சேர்த்து விரைவில் உருவாக்கியதாகக் கேம்பிரிட்ஜ் குழு 2022இல் அறிவித்தது. அறிவியலாக அது என்னைக் கவர்கிறது. காற்றாலைக்குள் வைக்கும் கட்டியாக அது இன்னும் மாறவில்லை.

இவற்றைவிடப் பெரிய குறையாக எனக்குப் படுவது வேறு. இந்த ஆய்வேடுகள் நியோடைமியத்தையே எதிராளியாக நிறுத்திக்கொள்கின்றன. அதன் ஆற்றல் பெருக்கம் ஒரு கன மீட்டருக்கு 400 கிலோஜூல், நம்முடையது இத்தனை என்று ஒரு பட்டியல் போடுகின்றன. உண்மையான எதிராளி, நிலைக்காந்தமே இல்லாத மின்னாக்கி. கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் 1990களில் நட்ட காற்றாலைகளில் பெரும்பாலானவை தூண்டல் மின்னாக்கிகளால் ஓடியவை. அவற்றில் ஒரு கிராம் அருமண்கூட இல்லை. பற்சக்கரப் பெட்டியோடு ஓடும் இன்றைய பல காற்றாலைகளும் அப்படித்தான். ஜெர்மனியின் எனர்கான் நிறுவனம் செம்புச் சுருளில் மின்சாரம் பாய்ச்சிக் காந்தப்புலம் உண்டாக்கியே நெடுங்காலம் நேரடிச் சுழற்சி ஆலைகளைக் கட்டியது. பின்னர் பெரிய மாடல்களில் அதுவே நிலைக்காந்தத்துக்குப் போனதையும் சொல்ல வேண்டும். எடையும் இழப்பும் குறைகின்றன என்பதால் காந்தம் வென்ற இடம் அது. கடலுக்குள் நடும் ஆலைகளில் பழுது பார்ப்பது கடினம் என்பதால் அங்கும் வெல்கிறது. ஆகவே ஒரு புதிய காந்தம், ஒரு பக்கம் நியோடைமியத்தின் எடையோடும் மறு பக்கம் செம்புச் சுருளின் விலையோடும் ஒப்பிடப்பட வேண்டும். காந்தத்தைப் பொருளறிவியலாளர் செய்ய, மின்னாக்கியை மின்பொறியாளர் வரைய, இருவரும் சந்திக்காமலே ஆளுக்கொரு பட்டம் வாங்கும் ஏற்பாட்டில் இந்த ஒப்பீடு நடக்காது.

ஃபெரைட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மலேசியாவுக்கு அது பொருந்தும். இரும்பு ஆக்சைடும் ஸ்ட்ரான்சியமும் சேர்ந்த மலிவான சுட்ட காந்தம் அது. அதன் ஆற்றல் பெருக்கம் நியோடைமியத்தில் பத்தில் ஒரு பங்குதான். எனவே மின்னாக்கி பருக்கும், நூறு மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு டன்னுக்கும் கோபுரம் கூடுதலாகத் தாங்க வேண்டும். ஆனால் அது வெயிலுக்கு அஞ்சாது. சூட்டில் அதன் காந்த நீக்குத்திறன் ஏறுகிறது, குளிரில்தான் இறங்குகிறது. புத்ரா பல்கலைக்கழகத்தில் இரும்பாலைக் கழிவுச் செதிலிலிருந்தே ஃபெரைட் செய்து பார்த்திருக்கிறார்கள். உள்ளூர்க் கழிவு, உள்ளூர் வெப்பம், தெரிந்த தொழில்நுட்பம். புகழ்பெற்ற இதழ்களுக்கு இது கவர்ச்சியாகத் தெரியாது, அதனால் மாணவர்களும் தேடி வருவதில்லை.

இதோடு ஒட்டிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சுமாத்ராவின் மறைவில் கிடக்கும் மலாக்காக் கரையில், பெரிய காற்றாலை சுழலத் தொடங்க வேண்டிய விநாடிக்கு மூன்று, நான்கு மீட்டர் காற்று நிலையாக வீசுவதில்லை. ஆனாலும் காற்றாலை என்ற சொல் தலைப்பில் இருந்தால் நிதி கிடைக்கும் என்பதற்காக ஆய்வாளர்கள் அதைப் போடுகிறார்கள். அந்த ஃபெரைட்டை மின்விசிறியிலும் நீரிறைக்கும் பம்பிலும் வைத்துச் சோதித்தால் இந்த மண்ணில் பயன் உடனே தெரியும். மலாக்காவின் பத்து பெரெண்டாமில் 1973 முதல் குறைகடத்தித் தொழில் நடக்கிறது. தோட்டத்துப் பெண்கள் பலரும் அந்த வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுவுக்கான கைத்திறன் இங்கே இருக்கிறது.

இந்தக் குறைகளுக்குக் காரணம் உண்டு. முனைவர் பட்ட உதவித்தொகை வழக்கமாக மூன்று ஆண்டுதான். அதற்குள் பட்டியலிட்ட இதழ்களில் கட்டுரை வர வேண்டும் என்ற நெருக்கடியில் மாணவர் புதுக் கலவையைத் தேடுகிறார், ஏனென்றால் புதுமைக்கு இடம் கிடைக்கும். முந்தைய மாணவர் செய்த தூளை ஒரு கிலோவுக்குப் பெருக்கி, 120 டிகிரியில் ஆயிரம் மணி நேரம் வைத்து, எவ்வளவு தளர்ந்தது என்று அளப்பவருக்கு அதே மதிப்பெண் கிடைப்பதில்லை. வாய்மொழித் தேர்வான வைவா முடிந்ததும் அந்தத் தூள் அலமாரிக்குப் போகிறது, அடுத்தவர் வேறு கலவையோடு தொடங்குகிறார். வயதாகும் சோதனையையும் அளவைப் பெருக்கும் வேலையையும் முழு ஆய்வேடாக ஏற்கும்படி விதிகளைத் திருத்துவது மேற்பார்வையாளர்களாலும் பல்கலைக்கழக மன்றத்தாலும் முடிகிற காரியம்; அதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.