மண்ணுக்குள் மருந்து

புதுக்கோட்டை மாவட்டத்துக் கந்தர்வக்கோட்டைப் பகுதியின் முந்திரித் தோப்புகளிலும் கடலைக் கொல்லைகளிலும் முதல் மழை விழுந்தவுடன் எழும் மண்வாசனைக்குப் பெருங்காரணம், பூசணம்போல் இழைவிட்டு வளரும் ஆக்டினோமைசீட்டுகள் என்னும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருளே. அவ்வகையைச் சேர்ந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் பேரினத்திலிருந்துதான் காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டறியப்பட்டது.

இவ்வுயிரிகளைத் தேடும் கைத்திறன் கருவிகளைவிடப் பொறுமையையே மிகுதியாகக் கேட்பது. உலர்த்திய ஒரு கிராம் மண்ணைக் கிருமி நீக்கிய நீரில் கலக்கி, அதைப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு எனப் படிப்படியாக நீர்க்கச் செய்து, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் கூழின்மேல் சிறிதளவு பரப்பி ஒரு வாரம் காத்திருந்தால், வழவழப்பான மற்ற பாக்டீரியாத் திட்டுகளுக்கிடையே, சுண்ணாம்புப் பொடி தூவியது போன்று, ஊசியால் நெம்பினாலும் எளிதில் பெயராத கெட்டித் திட்டுகள் தென்படும். அவற்றைத் தனியே வளர்த்து நோய்க்கிருமி பரப்பிய தட்டில் வைக்கும்போது சுற்றிலும் கிருமி முளைக்காத தெளிந்த வட்டம் விழுமானால், அதைவிட அழகிய காட்சி நுண்ணுயிரியல் கூடத்தில் வேறில்லை.

புனே அருகே பிம்ப்ரியில் 1954இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில் எம். ஜே. திருமலாச்சாரும் அவர்தம் குழுவினரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா என்னும் மண்ணுயிரியிலிருந்து ஹமைசின் என்ற பூசண எதிர்ப்பு மருந்தைப் பிரித்தெடுத்தது இத்தேடலின் இந்தியச் சாதனை.

கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை முன்பே அறிந்த பொருள்களாகவே முடிகின்றன என்றாலும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் இக்காலத்தில், புதுக்கோட்டை மாவட்டத்து நுண்ணுயிரியல் மாணவர்கள் தம் ஊர்ச் செம்மண்ணையும் தட்டில் பரப்பிப் பார்க்க வேண்டும்.